பாம்பைக் கேட்டவர்கள்

செய்தி திருகோணமலையிலிருந்து திரும்பிய லோஞ்சுப் படகில் வந்தது. மூதூர் இறங்குதுறையில் காத்து நின்ற என்னிடம் யோகராணி டீச்சரின் தம்பி, "அக்கா போயிட்டா, சேர்" என்றார். நோயாளியோடு ஒருவர்தான் ஏறலாம் என்று சொல்லிவிட்டதால் அவர் மட்டும் கூடப் போயிருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "பாம்பு பூச்சியில் பாசம் வைத்தவரைப் பாம்பே கொண்டுபோய்விட்டது" என்று உருக்கமாகப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சரை அறிந்த உங்களுக்கு நடந்தது தெரிய வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் இரசாயனம், அவர் உயிரியல். மழைக்காட்டுப் பாடம் நடக்கும் நாளில் பக்கத்து வகுப்பில் என் குரல் எடுபடாது. நெட்டையர்களை மேசைமேல் ஏற்றிக் கைகளை விரிக்கச் சொல்வார். அவர்கள் உச்சி மரங்கள். கதிரையில் நிற்பவர்கள் நடு மரங்கள். தரையில் குந்தியிருப்பவர்கள் காளானும் பூரானும். "டீச்சர், கீழ ஒண்டும் தெரியேல்லை!" என்று ஒரு பிள்ளை கத்தும். "அப்பிடியெண்டால் பாடம் விளங்கிட்டுது" என்பார்.

அவரே மழைக்காட்டைக் கண்டதில்லை. பிள்ளைகளைத் தெற்கே கூட்டிப்போக ஒவ்வொரு வருடமும் ஆமியிடம் பயணப் பாஸ் கேட்டார்; ஒவ்வொரு வருடமும் மறுத்தார்கள். "கேள்வித்தாள் முழு நாட்டுக்கும் ஒண்டு. காடு மட்டும் அவையளுக்கோ?" என்று ஆசிரியர் அறையில் மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர்க் கோப்பைகள் எல்லாம் ஆடின.

இந்த வருடமும் பாஸ் இல்லை. சருகு உக்கி மண்ணாவதையாவது காட்டுவோம் என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள பற்றைக்காட்டுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். சருகுக்குள் கிடந்த கண்ணாடி விரியனை மிதித்துவிட்டார். மாணவர்கள் தடி எடுத்தார்கள். "அடிக்காதேங்கோ! நான்தான் மிதிச்சனான், அது என்ன செய்யும்?" என்று காலைப் பிடித்தபடி கத்தினார். பாம்பு போய்விட்டது.

விஷமுறிவு மருந்து அக்கரையில், திருகோணமலையில்தான் இருந்தது. ஓட்டோ பிடித்து, தம்பியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழியில் ஆமிச் சாவடியில் மறித்தார்கள். ஏதோ வெடிக்காயத்தை மறைக்கிறோம் என்று அவர்களுக்குச் சந்தேகம். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவன், "பாம்பு எங்க? பாம்பைக் காட்டு" என்றான். "காலைப் பாருங்கோ, ஐயா" என்று கெஞ்சினேன். பல்முரசில் இரத்தம் கசிந்துகொண்டிருந்த டீச்சர், "பாம்புக்கு அடையாள அட்டை இல்லை, தம்பி" என்றார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் வந்து பார்க்க வேண்டும் என்றான். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் சாயும்வரை நின்றோம்.

கடித்த பாம்பை அடித்து டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது எங்களூர் வழக்கம். அதனால் இப்போது கண்ட இடத்தில் எல்லாரும், "அடிச்சுக் கொண்டுபோயிருந்தால் டீச்சர் தப்பியிருப்பா" என்கிறார்கள். என்ன கதை இது? ஒரு மனுசியின் வாய்ச்சொல்லுக்கும் வீங்கிய காலுக்கும் கிடைக்காத மரியாதை செத்த பாம்புக்குக் கிடைக்குமென்றால் பிழை யாரில்? பாம்பை விட்ட டீச்சரிலா?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, யாரில் கோபப்பட வேண்டும், யாரில் கூடாது என்ற தெளிவை மட்டும்தான். போன கிழமை பெரிய வகுப்பு மாணவர்கள் தடிகளோடு அந்தப் பற்றைக்குள் இறங்கினார்கள். ஓடிப்போய் மறித்தேன்.

"விடுங்கோ சேர், டீச்சரைக் கொண்டுபோனது இதுக்குள்ளதான் கிடக்கு."

"இல்லையடா."

"அப்ப எங்க?"

"ரோட்டில நிக்குது" என்றேன்.