பட்டாணிக்கு வந்த கடா

ஜெயசுதா காலை எட்டு மணி பஸ்ஸில் கலசப்பாக்கம் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். யாருக்கு எப்படி மனு எழுதினால் காரியம் நடக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். மலையடிவாரத்து வீட்டில் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தது பட்டாணி, அவள் வளர்த்த குட்டை நாய்.

சும்மா கிடந்தால் பரவாயில்லை. மூஞ்சியை மலைப்பக்கம் தூக்கிவைத்துக்கொண்டு ஊளையிட்டது.

“உன் நாயி அழுவுறதக் கேட்டு எங்க மாமனாரு உயிலு எழுதணும்ன்றாரு,” என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மாள். “எதுனா பண்ணு. இல்லன்னா மேல காட்டுல கொண்டுபோய் உட்டுடுவேன்.”

“துணைக்கு இன்னொரு நாயி வாங்கட்டா?”

“ரெண்டும் சேந்து அழுவறதுக்கா?”

அந்த நேரம் பார்த்து அண்ணன் குணசீலன் ஒரு கடாக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். “வச்சிக்கம்மா, நாயிக்குத் துணையாச்சு,” என்றான். இவ்வளவு தாராளம் அவன் பரம்பரையிலேயே கிடையாது. அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் நாய் குரைத்தது, மறுநாள் கடா முட்டியது, மூன்றாம் நாள் இரண்டும் ஒரே சாக்கில் படுத்தன. ஊளை நின்றது. முத்தம்மாளின் மாமனார் உயிலை மறந்தார். சாயங்காலம் கேட்டைத் திறந்தால் ஒன்று வாலாட்டியது, ஒன்று முழங்காலில் முட்டியது. வீடு நிறைந்த மாதிரி இருந்தது ஜெயசுதாவுக்கு.

ஆனி பிறந்ததும் குணசீலன் வந்து கடாவின் முதுகை அமுக்கிப் பார்த்தான்.

“நல்லா தேத்திட்டியே! எம் பொண்ணு சுவேதாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சதுக்கு கொலதெய்வத்துக்கு நேந்துக்கினது இது. ஆடி மூணாம் ஞாயிறு ஓட்டிக்கினு வந்துடு.”

“இத நீ சொல்லவேயில்லியேண்ணா?”

“நீ கேக்கவேயில்லியேம்மா?”

ஓசியில் வளர்த்துக்கொண்டான்! கடா போனால் ஊளை வரும். ஊளை வந்தால் பட்டாணி காட்டுக்குப் போகும். தரமாட்டேன் என்றால் சொந்தபந்தம் சும்மா விடாது. யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வழி தெரிந்தது. வெட்டுவதற்கு முன் கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு. உதறாவிட்டால் கத்தி இறங்காது.

மறுநாளிலிருந்து பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கடாவின் தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் விழுந்தது. அசையாமல் நின்றால் ஒரு துண்டு கடலைப் புண்ணாக்கு. பத்தே நாளில் சொம்பைக் கண்டதும் கடா தானே வந்து தலையைக் குனிந்தது. ‘கோவம்னா என்னக் கேளு சாமி, ஆட்டக் கேக்காத’ என்று மனசுக்குள் ஒரு மனுவும் போட்டுவைத்தாள். உள்ளூர அவளுக்குப் பயம்தான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு. மாலை போட்ட கடாவின் பின்னாலேயே பட்டாணியும் கோயிலுக்கு வந்துவிட்டது. பூசாரி பஞ்சாட்சரம் ஒரு குடம் ஊற்றினார். கடா கண்ணை மூடி நின்றது. இரண்டாம் குடத்துக்கு நாக்கை நீட்டி நக்கியது. மூன்றாவதற்கு ஜெயசுதாவின் கையைப் பார்த்தது. அவள் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அப்போது, நடுவில் நின்று தொப்பலாக நனைந்த பட்டாணி, மூக்கிலிருந்து வால்வரை படபடவென்று உதறியது. பூசாரியின் முகமெல்லாம் மஞ்சள்.

அவர் நிதானமாகத் துடைத்துக்கொண்டார். “உத்தரவு குடுத்தது நாயி. நாய வெட்ட முடியுமா? சாமி வேணாம்னுடுச்சு. வளத்தவங்களே சாமி ஆடா வச்சிக்கட்டும். யாரும் இத்த ஒரு அடி அடிக்கக் கூடாது.”

அதன்பின் கடா முத்தம்மாளின் அவரைக்கொடியை மொத்தமாக மேய்ந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு காலை குணசீலன் சொல்லாமல் வந்து நின்றான். சொம்பு ஜெயசுதாவின் கையில் இருந்தது. குளிக்காமல் கடா அவளைப் பஸ்ஸுக்கு விடுவதில்லை. தண்ணீர் விழுந்தது, கடா அசையவில்லை, புண்ணாக்கு வாய்க்குள் போனது. குணசீலன் எல்லாவற்றையும் பார்த்தான்.

“அடிப்பாவி! இத நீ சொல்லவேயில்லியே?”

“நீ கேக்கவேயில்லியேண்ணா,” என்று சொல்லி, அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.