வாசலும் உள்ளும் ஒரே படத்தில்

பதுளை கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு படக்கடை இருந்தது. படம் எடுப்பது என் வீட்டுக்காரர். படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டை இருட்டறையில் கழுவி, காகிதத்தில் ஏற்றிக் கொடுப்பது நான். கையெழுத்துப் போடத் தெரியும், அதுக்கு மேலே படிப்பு இல்லை. ஆனால் எந்தப் பிளேட்டை எத்தனை எண்ணும்வரை வெளிச்சத்தில் வைக்கணும் என்று என் கைக்குத் தெரியும். அதில் அவர் என்னோடு போட்டிக்கு வரமாட்டார்.

கடல் தாண்டித் திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குப் போன வீட்டுக்காரர் திரும்பவில்லை. வரமாட்டேன் என்று கடுதாசிதான் வந்தது. பக்கத்து ஜவுளிக்கடைக்காரரை வாசிக்கச் சொன்னேன், அதனால் தெருவுக்கே தெரிந்துபோனது. கடையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு போய் இருக்கச் சொன்னார்கள்.

"பொம்பளை கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா, எவன் வந்து முன்னால உக்காருவான்?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"உக்காராட்டி நிக்கட்டும்" என்றேன்.

மூன்று மாசம் யாரும் வரவில்லை. கடையைத் திறப்பேன், படம் எடுக்கிற பெட்டியைத் துடைப்பேன், மூடுவேன். பேச ஆளில்லாமல் ஒன்று, ரெண்டு என்று சும்மாவே சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கும்போது நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. மகளை இந்தியாவில் கட்டிக் கொடுத்தாச்சு, திங்கட்கிழமை ரயில். இனிமேல் எப்போ பார்ப்பதோ.

"நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கணும். எங்க காம்பரா உள்ளயும் தெரியணும், வாசல்ல மலையும் தெரியணும். அவ அங்க போயி அதைப் பாக்கணும்."

என் வீட்டுக்காரர் இருந்தால் முடியாது என்றிருப்பார். லயத்துக் காம்பரா என்றால் வரிசை வீட்டில் ஒற்றை அறை, ஜன்னல்கூடக் கிடையாது, வாசலுக்கு வெளியே கண் கூசுகிற வெயில். மலைக்குத் தக்கபடி எடுத்தால் ஆட்கள் கரியாகிப் போவார்கள். ஆட்களுக்குத் தக்கபடி எடுத்தால் வாசல் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப்போகும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பெட்டியை ஆட்டாமல் மலைக்கு ஒரு பிளேட்டு, உள்ளுக்கு ஒரு பிளேட்டு எடுத்தால் என்ன? வாசல் அளவுக்குக் கறுப்பு அட்டை வெட்டி, ஒரே காகிதத்தில் ஒன்றை மூடி ஒன்றை ஏற்றினால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். பெட்டியின் மூன்று காலுக்கும் தரையில் கரியால் புள்ளி வைத்தேன். மலைக்கு, மூடியைத் திறந்து உடனே மூடினேன். உள்ளுக்கு இருபது எண்ணணும். அதுவரை அசையக்கூடாது என்று இரண்டு பேருக்கும் சொன்னேன்.

பன்னிரண்டு எண்ணும்போது வெளியே தோட்டத்துத் தொரை நாயோடு நடந்து போனார். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாங்க. தொரையைக் கண்டால் எழுந்தே பழகின உடம்பு. மகள் அசையவில்லை. நான் கொண்டுபோனது ரெண்டே பிளேட்டு.

அன்றைக்கே கழுவிப் பார்த்தேன். வாசலும் மலையும் நான் நினைத்தபடியே ஒட்டிக்கொண்டன. ஆனால் அந்த அம்மா உட்கார்ந்தும் இருக்காங்க, நின்றும் இருக்காங்க, நிற்கிற உடம்புக்குள்ளே சுவர் தெரிகிறது. வாசல் முதல் பிளேட்டிலிருந்து வந்தது, அதனால் தொரை படத்தில் விழவே இல்லை. அவருக்காக எழுந்தவங்கதான் விழுந்தாங்க.

காலையில் ரயிலுக்கு முன்னால் இரண்டு பேரும் வந்தார்கள். மகள் படத்தை எடுத்துப் தன் துணிப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தாள். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டாங்க. "வேணாம்டி. நான் எந்திரிச்சது தெரியுது. உன் மாமியா வீட்டுல பாத்தா என்ன நெனைப்பாங்க?" மகள் எவ்வளவோ கெஞ்சினாள். வெறுங்கையோடுதான் ரயில் ஏறினாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அந்த அம்மா தரை மெழுகியிருந்தாங்க, என் கரிப் புள்ளி மூன்றையும் மட்டும் விட்டுவிட்டு. அதே இடத்தில் உட்காரச் சொன்னேன். பக்கத்தில் மகள் இடம் காலியாக இருந்தது. இருபது எண்ணி முடிக்கும்வரை கண்ணைக்கூட இமைக்கவில்லை அவங்க.

பழைய பிளேட்டில் மகள், புதுப் பிளேட்டில் தாய். புகை ஏறின சுவர் நான் ஒட்டின தடத்தை மறைத்துவிட்டது. அந்த வேலையைச் செய்யும்போது, இப்படியே என் பக்கத்தில் என் வீட்டுக்காரரையும் உட்கார வைக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் முகம் விழுந்த பழைய பிளேட்டு கடையில் இருந்தது. நான் தொடவில்லை. வராத ஆளை நான் ஏன் கூட்டிவைக்கணும்?

படம் தயாரானதும் அந்த அம்மா கடைக்கு வந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இவ இருந்தப்போ நான் எந்திரிச்சிட்டேன். நான் உக்காந்தப்போ இவ இல்ல. அப்படித்தானே?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்லிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"இது அவளுக்குப் போகட்டும். அவ வீட்டுல பாக்கட்டும். எனக்கு அந்த மொதப் படம் இருக்குங்களா?"

என் கையில் கெட்டுப்போன வேலையை வெளியே விட எனக்கு இஷ்டமே இல்லை. அது சரியில்லை, வேறு நல்லதாகத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுலதாம்மா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தோம்."

எடுத்துக் கொடுத்தேன். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாங்க. அதுதான் நானே எடுத்து என் கடையை விட்டுப் போன முதல் படம். தபாலுக்கு வைத்த மற்றது மேசையில் கிடந்தது. அதில் மேல்விலாசம் எழுதித் தர ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.