தூக்கிப்போட்டாங்கள்

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் எங்கள் வீட்டு ஆன்சரிங் மெஷின். யாராவது விட்டுச்சென்ற செய்தியைப் போடுவதற்கு முன் அது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில் நேரத்தைச் சொல்லும். நான் கீழ்த்தளத்தில் இருக்கும் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போய்விட்டுக் கூடையோடு மேலே வந்திருந்தேன். சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. கூடையைக் கீழே வைக்காமலே பொத்தானை அழுத்தினேன்.

“அண்ணை, நான்தான். உங்கட பெடியனைத் தூக்கிப்போட்டாங்கள். மூண்டு நாலு பேர் வந்தவங்கள். வான் வண்டியில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். நான் கண்ணால கண்டனான், கூப்பிட்டுக்கொண்டு ஓடுறதுக்குள்ள…”

அந்த இடத்தில் குரல் அறுந்துபோனது.

பேசியவர் இங்கே எங்கள் ஊர்ப் பெயரில் நடக்கும் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். பயிற்சித் திடலுக்குப் பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் இருக்கும் பொதுத் தொலைபேசியில் இருந்து எடுத்திருக்க வேண்டும். பின்னால் லொறிகள் போகிற இரைச்சல் கேட்டது. என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கழகத்தின் கோல் காப்பாளன். மதியம் சோற்றை அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, கையுறைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சீசனின் முதல் பயிற்சிக்குப் போயிருந்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் வாய் ஓயாமல் பேசிய சொல்தான் அது: தூக்குவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் கூடுவோம். குளிருக்குப் போட்டு வந்த ஜக்கெட்டுகளைக் கதிரை முதுகில் மாட்டிவிட்டு, ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு, வரப்போகும் சீசனைப் பற்றிப் பேசுவோம். விளையாடுகிறவர்களை விட நாங்கள்தான் அதிகம் விளையாடினோம். முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றிருந்தோம். தோற்றது என் மனைவியின் ஊர்க் கழகத்திடம்.

“மொன்றியலில இருந்து ஒரு பெடியன் வாறான். முன்னுக்கு விளையாடுறவன். இந்த முறை கப் எங்களுக்குத்தான்” என்றார் ஒருவர்.

“போன வருசமும் இதைத்தானே சொன்னனீ? ஜேர்மனியில இருந்து ஒருத்தன் வாறான் எண்டாய். வந்தவனுக்கு உன்ரையை விடப் பெரிய வயிறு.”

“முன்னுக்கு ஆள் வந்தென்ன? பின்னுக்கு நிக்கிற நாலு பேருக்கும் நைட் ஷிஃப்ட். பந்து வாறதை அவங்கள் கனவிலதான் காணுவாங்கள்.”

இப்படித்தான் போகும் பேச்சு. கேட்கிறவர்களுக்கு இது வயது போனவர்களின் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாருமே இருக்கவில்லை. சண்டையில் சனம் எல்லாம் எழும்பி வேறு இடங்களுக்குப் போய்விட்டது. வீடுகளுக்குள் யார் இருக்கிறார்கள், கூரை இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. ஊரின் பெயர் எங்கள் பிள்ளைகள் விளையாடப் போடும் பெனியனின் முதுகில்தான் மிஞ்சியிருந்தது. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கத்துவதற்கு ஸ்காபரோவில் ஒரு புல்திடலைத் தவிர வேறு இடம் எங்களுக்கு இல்லை. அதில் முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த வருடம் அதுவும் இல்லை.

அதனால்தான் செயலாளர் ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில் அதையே சொல்வார். “கப் கிடக்கட்டும். சீசன் தொடங்க முதல் எங்கட ஆக்களை ஒருத்தரும் தூக்காமல் பாக்கோணும்.”

எங்கள் கழகங்களுக்கு இடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெடியன் தகப்பனின் ஊருக்கும் விளையாடலாம், தாயின் ஊருக்கும் விளையாடலாம். ஆனால் ஒரு சீசனுக்கு ஒரு ஊர்தான். ஒருமுறை பெயரைக் கொடுத்துவிட்டால் கோடைகாலம் முடியும் வரை மாற முடியாது. ஆகவே பனி கரையத் தொடங்கும்போது ஒவ்வொரு கழகமும் மற்றக் கழகத்துப் பிள்ளைகளின் தாய்மார் எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கும். நல்ல ஆட்டக்காரனின் தாய் தங்கள் ஊர் என்று தெரிந்தால் பேசிப் பேசி இழுத்துவிடுவார்கள். அதைத்தான் தூக்குவது என்போம்.

“அண்ணை, உங்கட வீட்டுக்காரி அந்த ஊர்தானே?” என்று செயலாளர் ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார். “கவனம். உங்கட கோலியைத் தூக்கிப்போடுவாங்கள்.”

“மார்க்கம் ரவுணில பெரிய பெரிய வீடு வாங்கினது காணாதெண்டு இப்ப கோலியும் வாங்கப் பாக்கிறாங்கள்” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “தூக்கட்டும். அவன் தின்னுற சோத்தையும் அவங்களே போடட்டும்” என்றேன்.

நான் ஊரில் தமிழ் படிப்பித்தவன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் எந்தப் பொருள் என்பதை முன்பின் வரும் சொற்களை வைத்து அறிய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அன்று பிற்பகல், சூடு ஆறாத உடுப்புக் கூடையோடு நின்ற எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. வான் என்ற சொல் அதற்குப் பின்னால் வந்திருந்தது. மூன்று நாலு பேர் என்று வந்திருந்தது.

என் தம்பியும் கோல் காப்பாளன்தான். ஒரு பின்னேரம் ஊர்த் திடலில் விளையாடிக்கொண்டிருந்தபோது இரண்டு பக்கத்தாலும் ஆமி வாகனங்கள் வந்தன. கோலடியில் நிற்கிறவன்தான் ஓடுவதற்குக் கடைசி ஆள். வீட்டுக்கு ஓடிவந்து சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, இதே சொல்லைத்தான் சொன்னார். இராணுவ முகாம் வாசலுக்கு அம்மாவும் நானும் போனோம். அங்கே தமிழ் பேசத் தெரிந்த ஒருவன் வெளியே வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். “ஒரு விசாரணைக்குத்தான் அம்மா. முடியத் திருப்பிக் கொண்டுவந்து விடுவம்” என்றான். தம்பி வரவில்லை. அந்த வாசலுக்கு அம்மா எத்தனை முறை போனார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவனுக்கு மாற்றிக் கட்ட ஒரு சாரமும் சேர்ட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

குசினியில் தண்ணீர் ஓடிய சத்தத்தில் தொலைபேசி மணியைக் கேட்காத மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெஷினைத் திரும்பவும் போட்டேன். வெள்ளைக்காரப் பெண் மறுபடி நேரத்தைச் சொன்னாள். செயலாளர் மறுபடி சொன்னார். மறுபடி அறுந்தது.

அவள் கேட்டாள். “தூக்கினதெண்டால், எந்தத் தூக்கு?”

“வானில ஏத்தினவங்களாம்” என்றேன்.

இங்கேயும் பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருடங்களில் எங்கள் பெடியன்கள் கூட்டம் கூட்டமாகத் தங்களுக்குள் அடிபட்டார்கள். தோற்ற இறுதி ஆட்டத்துக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடந்து, ஒரு காரின் கண்ணாடி உடைந்தது. மற்றப் பக்கத்துப் பெடியன் ஒருவன் என் மகனைப் பார்த்து, “அடுத்த சீசனுக்கு உன்ரை கை இருக்காது, பார்” என்று கத்தினான். கோல் காப்பாளனிடம் சொல்லக்கூடிய மிகக் கெட்ட வார்த்தை அதுதான். அன்றிரவு மகன் அதைச் சொல்லிச் சிரித்தான். குளிர்காலம் முழுவதும் அவன் சோறு பிசையும்போது நான் அவன் விரல்களைத்தான் பார்த்தேன்.

செயலாளரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். “கிறவுண்டுக்குப் போனவர் இன்னும் வரேல்லை அண்ணை” என்றார் அவருடைய மனைவி. என் மனைவி மார்க்கத்தில் இருக்கும் தன் தம்பியின் வீட்டுக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “தம்பியும் எடுக்கிறான் இல்லை” என்று ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போனாள். நான் பொலிசுக்கு அடித்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். என் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வயது கேட்டாள், சொன்னேன். எந்த இடம் என்று கேட்டாள், சொன்னேன். யார் கொண்டுபோனது என்று கேட்டாள்.

“ஆமி” என்றேன்.

மிகவும் மெதுவாக, குழந்தையோடு பேசுவதுபோல, “எந்த ஆமி, சேர்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை. கையில் உடுப்புக் கூடை இருந்ததும், அதை அப்போதுதான் கீழே வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பொலிஸ்காரரை அனுப்புகிறேன், வீட்டிலேயே இருங்கள் என்றாள்.

அறைக்குள் போய்ப் பார்த்தேன். மனைவி மகனின் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஒரு கடைப் பைக்குள் அவனுடைய காற்சட்டை ஒன்று, சேர்ட் ஒன்று, உள்ளுடுப்பு, துவாய். மேலே அவனுடைய பாஸ்போட் அளவுப் படம் ஒன்றை வைத்தாள். முகாம் வாசலில் படம் கேட்பார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய ஊரில் யாருக்காக அவள் அந்த வாசலுக்குப் போனாள் என்று நான் கேட்டதில்லை. கலியாணம் கட்டி இருபது வருடம் கழித்து, வோபர்னில் இருக்கும் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டில், அவள் பை கட்டும் விதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்த வாசலுக்கு இதைக் கொண்டுபோவது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அவள் பையைக் கொண்டுவந்து கதவடியில் வைத்தாள். நான் பல்கனியில் நின்றேன். கீழே கார் நிறுத்துமிடத்தின் மூலையில், குளிர்காலம் முழுவதும் ஒதுக்கித் தள்ளிய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு வாகனம் உள்ளே திரும்பும்போதும் அதன் கதவு திறக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வான் வந்தால் விரும்புவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. ஒருமுறை கம்பளம் கழுவுகிறவர்கள். மற்றது எங்கள் கழகத்து ஆதரவாளர் ஒருவர். மொன்றியல் பெடியன் வந்துவிட்டானாம், என்ன மாதிரி அடிக்கிறான் என்று பார்க்க நாளைக்குத் திடலுக்கு வாறீங்களோ என்று கேட்டார். மனைவி ரிசீவரை வைத்துவிட்டாள்.

வெயில் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிய நேரத்தில் பொலிஸ்காரர் வந்தார். ஒரே ஆள், வயது குறைந்தவர். கதவடியில் நின்றே உயரம் என்ன, என்ன நிற உடுப்பு என்று கேட்டார். பச்சைப் பெனியன், எங்கள் ஊரின் பெயர் முதுகில் இருக்கும் என்றேன். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். நான் நாலாவது எழுத்தில் நின்றபோது லிஃப்ட் திறந்தது.

முதலில் மகன் வந்தான். முழங்காலில் சேறு. உடம்பில் நீலப் பெனியன், கடை மடிப்புக் கலையாதது. அவனுக்குப் பின்னால், பந்துகள் நிறைந்த வலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் மனைவியின் தம்பி. அவனுடைய கழகத்தின் பெனியன்தான் அந்த நீலம்.

பொலிஸ்காரர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இவர்தானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ஓம்” என்று நான் தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மனைவி ஓடிப்போய் மகனின் இரண்டு கைகளையும் பிடித்து, திருப்பித் திருப்பி, ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

“அம்மா, வட் ஹப்பின்ட்? ஏன் பொலிஸ்? மாமா வந்து, தங்கட கோலிக்குக் காயம், பிராக்டிஸுக்கு வா எண்டார். போனனான். இற்ஸ் ஜஸ்ற் சொக்கர், விளையாட்டுத்தானே.” அப்போதுதான் கதவடியில் இருந்த பை அவன் கண்ணில் பட்டது. “ஏன் என்ர உடுப்பெல்லாம் இதுக்குள்ள? என்னை எங்க அனுப்பப் போறீங்கள்?”

பொலிஸ்காரர் பைக்குள் இருந்த படத்தைக் கண்டுவிட்டார். ஏதோ கேட்கத் தொடங்கியவர் கேட்காமல், நல்லபடியாக முடிந்ததில் சந்தோசம் என்று சொல்லிவிட்டு அதே லிஃப்டில் இறங்கிப் போனார்.

“அக்கா, உங்களுக்குச் சந்தோசமாய் இருக்குமெண்டு நினைச்சன். உங்கட ஊர்ப் பேரெல்லே போட்டிருக்கிறான்” என்றான் மனைவியின் தம்பி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகனின் விரல்களை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். மைத்துனன் வலைப் பையைத் தோளில் இருந்து இறக்கி வைத்தான். ஒரு பந்து நழுவி உள்ளே உருண்டுவந்து உடுப்புக் கூடையில் முட்டி நின்றது. ஊரில் என் தம்பியைக் கொண்டுபோனபோது இவன் வேறு ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை. முகாம் வாசலில் என் அம்மாவுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று இவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவன் என் தோளில் கையை வைத்தான். என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோய், ஆனாலும் சிரித்துக்கொண்டு சொன்னான்.

“கோவிக்காதேங்கோ அத்தான். ஒரு சீசனுக்குத்தான். முடியத் திருப்பிக் கொண்டுவந்து விடுவம்.”