பதிவுக்கு முந்தைய நாள், குளியலறையில்

மறுநாள் காலை பத்திரப்பதிவு. வீட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமென்று நானும் என் வீட்டுக்காரரும் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். அவருக்கு அது தேவையே இல்லை, எனக்காகத்தான் வந்தார். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. எட்டு மணி நேரம் பாட்டில் மூடியில் கீறல் தேடுகிறவள், வீட்டைச் சும்மா விடுவேனா?

விற்கிறவர் ஓய்வுபெற்றவர். முன்பு மூன்று தடவை போனபோதும் அவர்தான் பேசினார். "ஊட்ல ஒரு கொறை கெடையாதும்மா" என்பதை ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்லிவிடுவார். அவர் மனைவி பின்னால் நின்று சிரிப்பதோடு சரி.

அன்று ஆண்கள் இருவரும் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். சாமான்கள் எல்லாம் முந்தின நாளே லாரியில் போயிருந்தன. நான் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிக்கொண்டே குளியலறைக்கு வந்தேன். விற்கிறவரின் மனைவி, அந்த அக்காவும் கூடவே வந்தார். கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்க்கச் சாத்தினேன். மிக நன்றாகச் சாத்தியது. திறக்கத்தான் இல்லை.

இழுத்தேன், இருவருமாக இழுத்தோம். என் போன் கூடத்தில், பைக்குள் இருந்தது. தட்டினால் மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அக்கா நிதானமாக, மூலையில் வேண்டாமென்று போட்டிருந்த ஓட்டை வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு நாள் மழை பேஞ்சா மரம் உப்பிக்கும். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"வேற இன்னாக்கா சொல்லக் கூடாதுன்னாரு?"

ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். படுக்கையறையில் ஒரு ஸ்விட்ச், எதற்கென்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லையாம். பக்கத்து வீட்டுப் பூனைக்கு இந்த வீடும் சொந்தமாம். சமையலறைச் சுவரில் ஈரம் ஊறுமாம், அதன்மேல்தான் காலண்டர் தொங்குகிறதாம். வீட்டையே காலி செய்தவர்கள் காலண்டரை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லச் சொல்ல அக்காவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கும் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

மோட்டார் நின்றது. எங்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்த என் வீட்டுக்காரர் தோளால் ஓர் இடி இடித்துக் கதவைத் திறந்தார். பின்னாலேயே வந்த பெரியவர் எதுவும் நடக்காததுபோல், "எல்லாம் பாத்துக்கினியாம்மா? ஒரு கொறை கெடையாதே?" என்றார்.

நான் நேராகச் சமையலறைக்குப் போய்க் காலண்டரைத் தூக்கினேன். ஆந்திரா, தமிழ்நாடு இரண்டும் சேர்ந்த வரைபடம்போல ஈரம் படர்ந்திருந்தது. பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"உள்ள ஒக்காந்துகினு சும்மா பேசினு இருந்தோம்" என்றார் அக்கா.

பெரியவர் தலையைச் சொறிந்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். அன்று மாலையே கொத்தனாரை அழைத்து வந்து, கூடவே நின்று பூச வைத்தார். மறுநாள் பத்திரம் நல்லபடியாக முடிந்தது.

பால் காய்ச்சும் நாளன்று இருவரும் வந்தார்கள். பால் பொங்கவே இல்லை. அடுப்பு அணைந்து அணைந்து போனது. அக்கா என்னை நகரச் சொல்லிவிட்டு அடுப்பைச் சுவரோரமாகத் தள்ளினார்.

"ஜன்னலுக்கு நேரா வெச்சா காத்து வுடாது. அன்னிக்கே கேட்டிருக்கலாம் இல்ல?" என்றார்.

பால் பொங்கியது.