யோகனைக் கப்பல் ஏத்தாதீங்க

பெயின்ட் வேலைங்கிறது ஊருக்கு அழகு, நமக்கு இருமல். தீபத்துக்கு முந்தி திருவண்ணாமலையில வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடி அலைஞ்சிருக்கீங்களா? அப்போ என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகள்ல நான் பெயின்ட் மேஸ்திரி. என்கிட்ட இருந்தவங்கள்ல கோடு பிசகாம வேலை செஞ்சவன் யோகன். மன்னார்ல சண்டைக்குத் தப்பிச்சு, பொண்டாட்டி புள்ளையோட படகேறி வந்து, கிரிவலப் பாதைப் பக்கம் அகதி முகாம்ல இருந்தான். அவனைத் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டேதான் தொழில் பண்ணேன்.

பின் வாசல் எங்க?

வேங்கிக்கால்ல ஒரு டீச்சரம்மா வீடு. உள்ள காலை வெச்சதும் யோகன் கேட்டான், "அம்மா, பின் வாசல் எங்க?" அந்தம்மா முகம் மாறிப்போச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "திருடனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"ன்னாங்க.

எனக்கே கோபம் வந்து யோகனைக் கேட்டேன். "எங்கட ஊரில எந்த வீட்டுக்குள்ள போனாலும் முதல்ல அதைத்தான் பாப்பம் அண்ணை. ஆமிக்காரங்கள் முன்னால வந்தா பின்னால ஓட வேணுமெல்லே"ன்னான், ரொம்ப சாதாரணமா. டீச்சரம்மா காதுலயும் விழுந்துச்சு. உள்ள போனாங்க. அப்புறம் சாவிக்கொத்தோட வந்தாங்க. "வேலை முடியறவரைக்கும் பின் வாசல் திறந்தே இருக்கட்டும். பூனை மட்டும் உள்ள வராம பாத்துக்கோங்க."

பாய் நின்ன வரிசை

முகாம்ல செக்கிங்னு ஒரு நாள் உண்டு. ஒவ்வொருத்தரும் நேர்ல வந்து முகம் காட்டணும். காட்டலைன்னா பேரை வெட்டிடுவாங்க, அரிசியும் போயிடும். எந்த நாள்ல வைப்பாங்கன்னு அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். ஒரு தடவை தீபம் நெருங்குற நேரத்துல வெச்சாங்க. தேரடித் தெருவுல பாத்திரக்கடை பாய்க்கு அடிச்ச சுவர் பாதி நீலம், பாதி பழைய அழுக்கு. யோகன் போட்டது போட்டபடி முகாமுக்கு ஓடிட்டான்.

பாய்க்கு வந்துச்சே கோபம்! கையோட ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு மொபெட்டை எடுத்துக்கிட்டு முகாமுக்கே போயிட்டார். வாசல்ல இருந்த புது போலீஸ்காரர் இவரையும் முகாம் ஆளுன்னு நினைச்சு வரிசையில நிக்க வெச்சிட்டார். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து யோகனோட திரும்பி வந்தவர், ஒரு சோடா குடிச்சிட்டு சொன்னார்: "ஒரு நாளைக்கே எனக்கு கால் கழண்டுபோச்சுய்யா. வெயில் ஜாஸ்தி. சுவர் மெதுவா ஆகட்டும், மொதல்ல அவன் சாப்பிடட்டும்."

முருகேசன் போட்ட சட்டை

கொஞ்ச நாள்ல, ஊருக்குக் கப்பல்ல திரும்பிப் போறவங்க பேரை முகாம்ல கேக்க ஆரம்பிச்சாங்க. "போறியா?"ன்னுதான் கேட்டாங்களாம். கேட்ட தோரணையிலயே கப்பல் தெரிஞ்சுதுன்னான் யோகன். அங்க இன்னும் குண்டு விழுந்துக்கிட்டிருக்கு, அவன் பொண்ணு இங்க ரெண்டாங்கிளாஸ் படிக்குது. சொல்லிட்டு அவன் பாட்டுக்கு பிரஷ் கழுவப் போயிட்டான். எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு.

கீழ்பென்னாத்தூர் முருகேசன்னு இன்னொரு பெயின்டர் என்கிட்ட இருந்தான். யோகன் வந்ததுலேர்ந்து, "நம்ம பொழப்புல மண்ணு போட வந்துட்டான்"னு தினம் ஒரு சண்டை. "டேய், அவன் வேலையைப் பாத்துட்டுதானேடா நமக்கு கல்யாண மண்டப வேலை கிடைச்சுது? மழைக்காலத்துல சும்மா கிடந்தியே, இப்போ உனக்கும் வேலை இருக்கில்ல?"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டாத்தானே! யோகன் போறான்னு தெரிஞ்சா பட்டாசு வெடிப்பான்னு நினைச்சேன்.

மறுநாள் ஆபீசரைப் பார்த்துப் பேசலாம்னு நான் முகாமுக்குப் போனா, எனக்கு முன்னாடியே முருகேசன் அங்க நிக்கிறான். குளிச்சு, விபூதி பூசி, கல்யாணச் சட்டையில! நான் யோசிச்சு வெச்சிருந்த நியாயத்தை ஆரம்பிக்கறதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான். ஆபீசர் சிரிச்சிட்டு, யோகனை விட்டுட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டாருன்னா, அதுக்கு முருகேசன் சொன்னதுதான் காரணம்: "இவன் போயிட்டா நான் தினம் யாரோட சார் சண்டை போடுறது? மேஸ்திரியோட போட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவார். இவன் இங்கயே இருக்கட்டும் சார், புள்ளகுட்டிக்காரன்."

வந்தவங்களை ஒரு நாடு ஏன் வெச்சுக்கணும்னு கேக்கறவங்களுக்கு மேஸ்திரியா நான் சொல்லத் தெரிஞ்சது இவ்வளவுதான்: ஏணி மேல ஒருத்தன் நிக்கும்போது, கீழ பிடிச்சிருக்கறவன் கை வலிக்குதுன்னு டீ குடிக்கப் போகக் கூடாதுங்க.