கிழக்கு பார்த்த கார்

டெக்சஸில் ஃபிரிஸ்கோ அனுமார் கோயிலுக்குச் சனிக்கிழமை போகிறவர்களுக்கு நஞ்சுண்டனைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, இப்படி வாங்க, அந்த வரிசை நிறைஞ்சு போச்சுங்க என்று கார்களுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். வெயிலானாலும் குளிரானாலும் அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை.

புது வண்டிக்குப் பூஜை போட வருகிறவர்களைத் தனியாக ஒதுக்கி நிறுத்துவதும் அவர் பொறுப்புதான். ஐயர் வரும்வரை அந்த வண்டிகளோடு நிற்பார். எலுமிச்சம்பழம் மறந்து வந்தவர்களுக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அப்படி நிற்கும்போதெல்லாம் அவருக்குள் ஒரு வேண்டுதல் ஓடும். ஆண்டவா, என் வண்டியும் ஒருநாள் உன் வாசலில் வந்து நிற்கட்டும்.

அவர் வண்டி கடையில் போய் வாங்கியது இல்லை. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பாகங்களை வைத்து, வீட்டு கராஜில் அவரே ஒவ்வொன்றாகப் பூட்டிய கார். இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, பழுத்த மாம்பழ நிறம். மகள் வெண்பா கல்லூரிக்குப் போனபோது வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போது ஆரம்பித்த வேலை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், கம்ப்யூட்டரில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்கிற உத்தியோகம். பகலெல்லாம் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வந்து, சாயங்காலம் தன் கையால் ஒன்றைச் செய்வதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

வண்டி உருவாகிவிட்டது. அதிகாரி வந்து பார்த்து, நம்பர் பிளேட்டும் வந்துவிட்டது. ஆனால் பத்து நிமிஷம் ஓடினால் கொதித்தது.

அந்த நேரத்தில்தான் அவருக்கு வேலை போயிற்று. பல மாதம் அலைந்து, கடவுள் புண்ணியத்தில் கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் ஒரு வேலை கிடைத்தது. அங்கே அபார்ட்மென்ட்தான். கராஜ் கிடையாது. ஓடாத வண்டியை வளாகத்துக்குள் நிறுத்தக் கூடாது என்று அந்த அபார்ட்மென்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வண்டி ஓடினால் அவர்களோடு வரும், ஓடாவிட்டால் வராது. வேறு வழி தெரியாமல், பாகம் பாகமாகக் கழற்றி எடுத்துக்கொள்கிற ஒருவரிடம் பேசி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரெய்லரோடு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

"அப்பா, ஜஸ்ட் லெட் இட் கோ" என்று வெண்பா போனில் சொன்னாள். போனால் போகட்டும் என்று சமாதானம் சொல்வதாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

டிரெய்லர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம். கோயில் வேலை முடித்து வந்தவர் வண்டியைக் கராஜுக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கிற டிரைவ்வேயில் நிறுத்தி, கடைசி முறையாக ஏர் எடுக்க உட்கார்ந்தார்.

ஏர் எடுப்பது என்றால் இதுதான். அந்தக் காரில் இன்ஜின் பின்னால், சீட்டுக்கு முதுகுப்பக்கம் இருக்கிறது. அதன் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர் முன்னால், மூக்கில் இருக்கிறது. நடுவே வண்டியின் அடிவயிற்றில் நீளமான குழாய்கள். தண்ணீர் ஊற்றுகிற வாயும் முன்னால்தான். ஊற்றும்போது உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியே வந்துவிட வேண்டும். ஒரு குமிழ் இன்ஜினின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டால் அந்த இடத்துக்குத் தண்ணீர் எட்டாது. இன்ஜினின் தலைப்பாகம் காய்ந்து வளைந்துவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கெனவே பலமுறை கொதித்துவிட்ட வண்டி. இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

இன்ஜினை ஓட விட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு, டெக்சஸ் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி மரகதம் மோர் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, வெளியில நூறு டிகிரி அடிக்குது. ஹீட்டரைப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"இதுல சூடா காத்து வந்தாத்தான் தண்ணி எல்லாப் பக்கமும் சுத்துதுன்னு அர்த்தம்."

"வருதுங்களா?"

அவர் ஹீட்டர் வாயில் கை வைத்துப் பார்த்தார். காற்று வெறும் காற்றாகத்தான் வந்தது. முள் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போனது. சிவப்புக் கோட்டுக்கு முன்பே இன்ஜினை அணைத்துவிட்டார். மரகதம் டம்ளரை அவர் கையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் செய்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டி ஆறட்டும் என்று காத்திருந்தபோது சபரி வந்தான். அடுத்த தெருக்காரன், சென்னைப் பையன் என்று சொன்னாலும் அவனுக்கே இரண்டு குழந்தைகள். கோயில் பார்க்கிங்கில் நஞ்சுண்டனுக்குக் கூட்டாளி. வீட்டுச் சாமான் கட்ட உதவி செய்ய வந்தவன், வண்டியின் மூக்கில் சொருகியிருந்த புனலைப் பார்த்தான்.

"என்னண்ணா, இன்னிக்கும் அபிஷேகமா?"

"கடைசி அபிஷேகம் சபரி."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. இதுக்கு ஊத்தின தண்ணிய என் லானுக்கு ஊத்தியிருந்தா புல்லாவது வந்திருக்கும்."

நஞ்சுண்டன் சிரிக்க முயன்றார். "எல்லாம் புத்தகத்துல சொன்னபடிதான் பண்ணேன். முன்சக்கரம் ரெண்டையும் மேட்டுல ஏத்தச் சொன்னாங்க, ஏத்தியாச்சு. மூக்கு மேல இருந்தா காத்து தானா இந்த வாய்க்கு வந்துருமாம். வரமாட்டேங்குதே."

"உங்க ஊர் காத்துண்ணா. மரியாதையா கூப்பிட்டாத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே சபரி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். தூக்கியவன் கால், முன்சக்கரத்து மேடையின் ஓரத்தில் பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் பட்டது. பழம் நகர்ந்தது. முதலில் மெல்ல, பிறகு கடகடவென்று டிரைவ்வேயில் உருண்டு தெருவைப் பார்த்து ஓடியது.

"ஐயோ சாரிண்ணா. பழம் எஸ்கேப் ஆவுது." அவன் பின்னாலேயே ஓடினான்.

"விடுங்க. எடுக்காதீங்க."

"சாமி பழம்ணா."

"விடுங்கங்கறேன்."

அவர் குரல் அப்படி உயர்ந்து சபரி கேட்டதில்லை. நின்றுவிட்டான். நஞ்சுண்டன் பழம் போய் நின்ற இடத்தைப் பார்த்தார், வண்டியின் மூக்கைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்தார். மட்டம் பார்க்கிற வசதி அதில் உண்டு. வண்டியின் பக்கவாட்டுச் சட்டத்தில் நீளவாக்கில் போனை வைத்துக் குனிந்து பார்த்தார். மேடை போட்டும் மூக்குதான் தாழ்ந்திருந்தது. பின்பக்கம், இன்ஜின் பக்கம், உயர்ந்திருந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆறு மாதம் தேடி வாங்கிய வீடு அது. கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று மரகதமும் அவரும் ஒரே பிடியாக நின்று வாங்கினார்கள். வாசல் கிழக்கு என்றால் தெருவும் கிழக்கே, டிரைவ்வேயும் கிழக்கே சரியும். வண்டியை எடுக்கும்போது கிழக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் மாறாத வழக்கம். கராஜிலேயே கிழக்கு முகமாக வைத்துத்தான் பூட்டினார். ஒவ்வொரு முறையும் கிழக்கு முகமாக வெளியே தள்ளி, பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகுதான் சாவியைத் திருப்புவார். மேடை கொடுத்த உயரத்தையெல்லாம் சரிவு தின்றுவிட்டது. காற்று பாவம், அதற்கு மேலே போகத்தான் தெரியும். மேலே இருந்தது இன்ஜின். அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"வண்டியைத் திருப்பி நிறுத்தோணும்" என்றார்.

"அவ்ளோதானா? திருப்பிடலாமே."

"மேற்கால பாத்து நிக்குமே சபரி."

சபரி விளையாட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணியை ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணா" என்று மட்டும் சொன்னான்.

மரகதம் பூஜை அறையில் சாமி படங்களைப் பழைய துண்டுகளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய அனுமார் படத்தை மட்டும் இன்னும் இறக்கவில்லை. நஞ்சுண்டன் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். மூக்கு தாழ்ந்ததை, பழம் உருண்டதை, திருப்ப வேண்டியதை. சொல்லிவிட்டு, தப்புச் செய்த பிள்ளை போல நின்றார்.

"இத்தனை நாளா அதனாலதாங்களா?"

"அப்படித்தான் தோணுது."

"திருப்பி வெச்சா சரியாயிருமா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. இன்னொரு வாட்டி கொதிச்சா இன்ஜின் போயிரும். மேற்கால பாத்து எடுத்து அப்படி ஆச்சுன்னா, அப்புறம் நம்ம மனசு கேக்காது."

மரகதம் கையிலிருந்த துண்டை மடித்தாள். அவளுக்கும் பயம்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு சைக்கிளைக்கூட மேற்கே பார்த்து நிறுத்திப் பழம் வைத்தது கிடையாது. ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். வெயில் கொல்லைப் பக்கத்து வேலிக்கு மேலே இறங்கியிருந்தது.

"சூரியன் இப்ப எந்தப் பக்கமுங்க இருக்குறாரு?"

"மேற்கால."

"அப்ப வண்டி அவரைப் பாத்துத்தானே நிக்கப்போகுது? வர்றப்ப ஒரு பக்கம் பாத்துக் கும்புடறோம். போறப்ப அந்தப் பக்கம் பாத்துக் கும்புட்டா வேண்டாம்பாரா? நடங்க, நானும் வர்றேன்."

சக்கரத்தை மேடையிலிருந்து இறக்கி, வண்டியைத் தெருவரைக்கும் உருள விட்டார்கள். அங்கே மூவருமாகத் தள்ளித் திருப்பினார்கள். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார்கள். மரகதம் புதுப் பழம் வைத்து, வண்டியின் மூக்குக்கு நேரே மேற்கே பார்த்து நின்று கற்பூரம் காட்டினாள். பிறகு அவர் வண்டியை மெதுவாக மேலே ஏற்றி மேடையில் நிறுத்தினார். போனை வைத்துப் பார்த்தார். மூக்கு வானத்தைப் பார்த்தது.

மூடியைத் திறந்தார். ஊற்றினார். ஒரு குடம் இறங்கியது. பிறகும் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவு இடமா உள்ளே காலியாக இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம். இன்ஜினை ஓட விட்டார். சபரியைப் புனலிடம் நிறுத்தி, மரகதத்தை உள்ளே உட்கார வைத்தார். "ஹீட்டர் வாய்ல கையை வெச்சுக்க. முள்ளு பாதிக்கு மேல போனாச் சொல்லு." தான் குனிந்து, மூக்குப் பக்கத்துத் தடித்த ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டார்.

"என்னண்ணா, பால் கறக்குறீங்களா?"

"வாயை மூடிட்டுப் புனலைப் பாருங்க."

ஒரு குமிழ் வந்தது. பிறகு வரிசையாகச் சின்னச் சின்னதாக வந்தன. சிறிது நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று வண்டியின் அடிவயிற்றில் குடுகுடுவென்று ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விடுமே, அதே மாதிரி ஒரு பெரிய ஏப்பம். புனலில் இருந்த, கூலன்ட் மருந்து கலந்த பச்சைத் தண்ணீர் எகிறிச் சபரியின் சட்டையை நனைத்தது. அடுத்த நொடி புனல் காலியாயிற்று. அவன் சட்டையைக்கூடத் துடைக்காமல் மேலும் ஊற்றினான்.

"முள்ளு எங்க இருக்குது மரகதம்?"

"பாதில."

"ஏறுதா?"

"இல்லீங்க. அங்கயேதான் நிக்குது." கொஞ்சம் பொறுத்து, "ஏனுங்க, கை சுடுது" என்றாள்.

"எங்க?"

"இங்கதாங்க, காத்து வர்ற வாய்ல. அடுப்பு முன்னால கை வெச்ச மாதிரி இருக்குது."

நஞ்சுண்டன் எழுந்து வந்து தன் கையையும் அங்கே வைத்தார். சூடான காற்று விரல்களுக்கிடையில் வேகமாக வந்தது. வியர்வை வழிகிற முகத்தோடு கையை எடுக்காமல் நின்றார். மரகதம் அவரைப் பார்த்துவிட்டு, முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அனுமாருக்கு மனதுக்குள் என்ன சொன்னாளோ, உதடு அசைந்தது.

ஆறவிட்டுத் தண்ணீரைச் சரிபார்த்து மூடியை இறுக்கியபின், அவளை ஏற்றிக்கொண்டு குடியிருப்பைச் சுற்றினார். பிறகு பெரிய சாலைக்கே எடுத்துக்கொண்டு போனார். சிக்னலில் நின்றபோதும் முள் அசையவில்லை. திரும்பி வந்ததும், சபரி புது மேல்துண்டு போர்த்திக்கொண்டு வாசலில் நிற்பதைக்கூடக் கவனிக்காமல், போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனார். டிரெய்லர்காரரிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல வேண்டுமே. மரகதம் கதவருகில் காத்திருந்தாள். பேச்சு நீண்டுகொண்டே போனது.

"கோவிச்சுக்கிட்டாருங்களா?" அவர் வெளியே வந்ததும் கேட்டாள்.

"இல்ல. சந்தோசம்ன்னாரு. அவருகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குதாம். அதுக்கும் ஏர் எடுக்க முடியலையாம். எப்படி எடுத்தீங்கன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வண்டியத் திருப்பி நிறுத்திப் பாருங்கன்னேன்."

"அவரு வீடு எந்தப் பக்கம் சரியுதுன்னு கேட்டீங்களா? மூக்கு மேல பாத்து அது பாட்டுக்கு நல்லா நிக்கற வண்டியத் திருப்பி வெச்சிரப் போறாரு."

நஞ்சுண்டன் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே மறுபடி அந்த நம்பரை அழுத்தினார்.