பத்தா, பதினைந்தா

எண்பதுகளின் கடைசியில் உத்தமபாளையத்தில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். கடமலைக்குண்டு பக்கத்து அண்ணன் தம்பி இருவரின் வழக்கு எங்களிடம் வந்தது. அவர்கள் வந்த ஜீப்பில், இருவருக்கும் நடுவே இருந்த பையில் கஞ்சாப் பிசின் பிடிபட்டிருந்தது.

தம்பிக்கு மட்டும் ஜாமீன் கிடைத்தது. அண்ணன் மனைவியான மதினியை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அப்போது போதைப்பொருள் சட்டம் புதிது. சீனியர் விளக்கினார். பிசினுக்குக் குறைந்தது பத்து வருடம். அண்ணன் அந்தச் சட்டத்திலேயே ஏற்கெனவே ஒரு கஞ்சா வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அதனால் அவருக்குக் குறைந்தது பதினைந்து. நீதிபதியே இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே போக முடியாது.

தம்பி, "அப்ப சரக்கு என்னோடதுன்னு நான் சொல்லிர்றேன் சார். அண்ணனுக்கு மூணு பிள்ளைக. எனக்குன்னு யாரு இருக்கா?" என்றார்.

"பை யாரோடது?" என்று சீனியர் கேட்டார்.

மதினி தரையைப் பார்த்தபடி, "இவரு சொல்லப்போறது எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிய வேணாம் சார்" என்றார்.

பொய் சொல்லத் தன்னால் யோசனை தர முடியாது என்று சீனியர் எழுந்துவிட்டார். எனக்கு என்னவோ அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும், தம்பி போனால் ஐந்து வருடமாவது மிச்சம் என்று நினைத்தேன்.

சாட்சி விசாரணை முடிந்து, குற்றவாளிக் கூண்டில் நின்ற இருவரிடமும் நீதிபதி விளக்கம் கேட்கும் நாள் வந்தது. தம்பி முந்திக்கொண்டு வாயைத் திறந்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அவன் பேச்சக் கேக்காதீகய்யா. பை என்னோடது. உள்ள என்ன இருந்துச்சுன்னே அவனுக்குத் தெரியாது."

நீதிபதி பேனாவை வைத்தார். பழைய தண்டனையை நினைவுபடுத்தி, என்ன கிடைக்கும் என்று தெரியுமா எனக் கேட்டார்.

"தெரியும்யா. ஜெயில்ல சொன்னாக. நான் ஒரு தடவ அங்கன இருந்து பாத்துட்டேன். இவன் பாக்க வேணாம்."

தம்பி விடுதலையானார். அண்ணனுக்குப் பதினைந்து வருடம். குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதி தீர்ப்பிலேயே சொன்னார். போலீஸ் வேன் கிளம்பும்வரை மதினி அதன் பக்கத்திலேயே நின்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகள் நடத்திவிட்டேன். ஆனால் ஜெயிலில் ஒரு வருடம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று எந்தக் கட்சிக்காரரிடமும் என்னால் லேசாகப் பேச முடிந்ததில்லை.